நூலகத்தில் உங்களிடம் கேட்ட விசித்திரமான கேள்வி எது? (பச்சை அட்டைப் பெரியவருக்கு உதவி தேவை)

கேள்வி: கிளைநூலகப்பெண், கிருஷ்ணகிரி மாவட்டம்

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நூலகவியல் படிக்கும்போது குறிப்புதவிச் சேவை பற்றி ஒரு பாடம் இருந்தது. வாசகர் வந்து சந்தேகம் கேட்பார், நூலகர் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிப் பதில் சொல்வார் என்று நாலு பக்கம் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். இங்கே முதல் நாள் வந்த முதல் கேள்வி: "பாப்பா, கரண்டு எப்ப வரும்?"

நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கிறோம். அதனால் ராயக்கோட்டை பஸ் போயிடுச்சா என்று கேட்பவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு அம்மா சுருக்குப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வைத்து "இது சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். ஒரு இளைஞருக்கு 'ஞ'வில் தொடங்கும் ஆண் குழந்தைப் பெயர் வேண்டும், எண் கணிதப்படி கூட்டுத்தொகை 5 வர வேண்டும், அதுவும் மூன்று மணிக்குள். இன்னொருவர் கடைசி எட்டுப் பக்கம் கிழிந்த நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்து, "அந்தப் பொண்ணு கடைசியில யாரைக் கட்டிக்கிச்சு?" என்று கேட்டார். நான் படித்ததில்லை சார் என்றேன். "படிக்காம எப்படிங்க லைப்ரரியன் ஆனீங்க?" என்றார். அதே நாவலில் பன்னிரண்டாம் பக்கத்தில் 'கொலை செய்தது டிரைவர்' என்று ஒரு புண்ணியவான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான். அப்படியே கல்யாணத்தையும் எழுதியிருக்கலாம்.

நியூயார்க் பொது நூலகத்தில் 1940களிலிருந்து 1980கள் வரை வாசகர்கள் கேட்ட கேள்விகளை அட்டைகளில் குறித்து வைத்திருந்த பெட்டி ஒன்று கிடைத்ததாகப் படித்தேன். வீட்டில் ஆக்டோபஸ் வளர்க்க முடியுமா என்று 1944இல் ஒருவர் கேட்டிருக்கிறார். யானை துரத்துவது போலக் கனவு கண்டால் என்ன அர்த்தம் என்று 1947இல் ஒருவர். படித்ததும் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது என் பிரச்சினை. எழுபது வயது இருக்கும், ஒரு பெரியவர். போன மாதம் கொஞ்ச நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜோராக வந்தார், இப்போது அது இல்லை. "போன வருஷம் இங்க ஒரு பச்சைப் பொஸ்தகம் படிச்சேன் கண்ணு. அட்டையில ஒரு மரம் இருக்கும்." இவ்வளவுதான் அவர் தரும் தகவல். பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது. பதினோரு நாளாக வருகிறார். இதுவரை நாற்பத்தொரு பச்சை அட்டைப் புத்தகம் எடுத்துக் காட்டிவிட்டேன். சித்த வைத்தியம், திருக்குறள் உரை, குரூப் 4 வழிகாட்டி வரைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு "இது இல்ல கண்ணு" என்கிறார். கோபமும் வரமாட்டேன் என்கிறது, அவ்வளவு பொறுமையாகச் சொல்கிறார்.

உங்களுக்கு வந்த கேள்விகளைச் சொல்லுங்கள். அப்படியே இவருக்கு என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற நூலகன், தருமபுரி

அம்மா, நாற்பத்தொரு புத்தகம் எடுத்துக் காட்டியதற்கு முதலில் ஒரு வணக்கம். நானாயிருந்தால் ஏழாவதிலேயே டீ குடிக்கப் போயிருப்பேன்.

முப்பத்தொரு வருஷ சர்வீஸ். நான் சேர்ந்தபோது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான், 2004இல்தான் பிரிந்தது. அதனால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ கேள்வி. மறக்காதது மூன்று.

ஒரு தை மாதம், மாமரமெல்லாம் பூத்திருக்கும் நேரம். ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். "சார், இது இன்னா பூச்சி? பேரு வேணும்" என்று பையை என் மேசை மேலேயே கவிழ்த்துவிட்டார். உள்ளே மாம்பூங்கொத்து. காம்பெல்லாம் பிசுபிசு. இலை மேல் கரியைக் குழைத்துப் பூசிய மாதிரி கறுப்பு. அதற்குள்ளிருந்து அரிசி அளவுகூட இல்லாத பழுப்புப் பூச்சிகள், தலைப்பக்கம் அகலம், வால்பக்கம் கூர், ஆப்பு மாதிரி உடம்பு. மேசையிலிருந்து நாளிதழுக்கு, நாளிதழிலிருந்து அதைப் படித்துக்கொண்டிருந்தவர் மடிக்கு. அவர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன். படத்தோடு இருந்தது: தத்துப்பூச்சி. பூவிலும் தளிரிலும் சாறு உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்புத் திரவத்தின் மேல்தான் அந்தக் கரும்பூசணம் படரும்.

படித்துக் காட்டினேன். "தத்துது, அதனால தத்துப்பூச்சி. இதுக்கு ஒரு பொஸ்தகமா?" என்றார். ஆனால் என் பேனாவை வாங்கி பஸ் டிக்கெட்டின் பின்புறம் பெயரை எழுதிக்கொண்டார். ஒரு கேள்வி நான் கேட்டேன். மரத்தைப் பார்த்தாலே நோய் தெரிகிற ஆள் நீங்கள், பெயர் எதற்கு? "பேரு தெரியாம மருந்துக் கடைக்குப் போனா அவன் எதை விக்கணுமோ அதைத்தான் தலையில கட்டுவான் சார். பேரைச் சொன்னா கொஞ்சம் யோசிப்பான்." அதற்கப்புறம் ஒரு வாரம் வரை நூற்பட்டியல் அட்டைப் பெட்டியை இழுக்கும்போதெல்லாம் ஒன்றிரண்டு தத்திக்கொண்டிருந்தன.

இரண்டாவது ஒரு பாட்டி. 2011 மார்கழி. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து கேட்டார்: "என் வயசு எந்தப் பொஸ்தகத்துல இருக்கு சாமி?" முதியோர் உதவித்தொகைக்கு அலைந்திருக்கிறார். வாக்காளர் அட்டையில் ஐம்பத்து நாலு என்று போட்டிருக்கிறது. எங்கேயோ ஒருவர் எரிச்சலில் "போய் லைப்ரரியில கேளு" என்று சொல்லியனுப்ப, பாட்டி அதை நிஜமாகவே நம்பி வந்துவிட்டார். ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "விரோதி வருஷம் ஐப்பசி, அடைமழைன்னு எங்கம்மா சொல்லும்."

அது போதுமே! அறுபது வருஷச் சுற்றில் பிரபவ முதலாவது, விரோதி இருபத்து மூன்றாவது. பிரபவ 1927 சித்திரையில் பிறந்தது. இருபத்திரண்டைக் கூட்டினால் 1949. ஐப்பசி என்றால் அக்டோபர், நவம்பர். பஞ்சாங்கத்தை எடுத்து ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, "பாட்டி, உங்களுக்கு அறுபத்திரண்டு முடிஞ்சு போச்சு" என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் மாறிவிட்டது. "அறுவத்திரண்டா! இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் களையெடுக்கவே போயிருக்க மாட்டேனே." என் கணக்கு எந்த அலுவலகத்திலும் செல்லாது என்று விளக்கி, வயதுச் சான்று பற்றி அரசு மருத்துவரிடம் கேட்கும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பணம் வந்ததா என்று தெரியாது. என்னைச் சந்தையில் பார்த்தால் மட்டும் "இந்த சார்தான் எனக்கு வயசு குடுத்தாரு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்.

மூன்றாவது. தருமபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர், அதியமானின் ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு அவரைப் பற்றிக் கேள்வி வராமல் இருக்குமா? ஏழாம் வகுப்புப் பெண் ஒன்று மூச்சிரைக்க வந்து கேட்டது: "சார், ஔவையாருக்கு அதியமான் குடுத்தது பெரிய நெல்லியா, அரிநெல்லியா?" பள்ளிக்கூட வாசலில் அரிநெல்லி விற்கிற ஆயா, தன்னுடையதுதான் அது என்று சொல்லி விற்கிறாராம். பந்தயம் வேறு. நான் சிரித்துவிட்டேன், ஆனால் பதில் உடனே வரவில்லை. புறநானூற்றை எடுத்தோம், 91ஆம் பாட்டு. பெரிய மலையின் பிளவில், ஏற முடியாத உச்சியிலிருந்து கொண்டுவந்த 'சிறியிலை நெல்லித் தீங்கனி' என்று ஔவையே சொல்கிறார். இலை சின்னது என்று அன்றைக்கே எழுதி வைத்தது எங்களுக்காகத்தான் போலிருக்கிறது. அரிநெல்லி இலை விரல் நீளம் இருக்கும். மலைநெல்லியின் இலை புளிய இலையைவிடப் பொடிசு. ஆக பெரிய நெல்லிதான்.

தீர்ப்பைக் கேட்ட ஆயா, "அப்ப அந்த ராசா என்கிட்ட வாங்கலன்னு சொல்லு" என்றாராம். மறுநாள் அந்தப் பெண் திரும்பி வந்தது. "அதைச் சாப்பிட்டா சாவே வராதுன்னா, ஔவையார் இப்ப எங்க சார் இருக்காங்க?" மணி அஞ்சரை ஆச்சு, வீட்டுக்குப் போ என்றேன்.

வீட்டு வரி ரசீதோடு வருகிற ஒருவரும் இருந்தார். ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வாங்குகிறீர்களே, என் குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம் 14க்கு விடை சொல் என்பார். சட்டப்படி அவர் கேட்பதில் தப்பு இல்லை என்பதுதான் கொடுமை.

சரி, உங்கள் பச்சை அட்டைக்கு வருகிறேன். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் மேதை ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தைச் சேமி. கேள்வி காதில் விழுந்ததும் அலமாரிக்கு ஓடுவதுதான் நேரத்தைச் சேமிப்பது என்று நானும் பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு நாளாக அவரிடம் நிறத்தையே விசாரித்திருக்கிறீர்கள். ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, "அந்தப் புத்தகம் இப்ப எதுக்குத் தேவைப்படுது?" என்று மட்டும் கேளுங்கள்.

பதில் 2: ராகிக்காட்டான், தேன்கனிக்கோட்டை

நியூயார்க்காரர் யானை துரத்துகிற மாதிரி கனவு கண்டாராம். கொடுத்து வைத்தவர். எங்கள் பக்கம் ராகிக் கதிர் முற்றினால் தூக்கமே கிடையாது, கனவு எங்கிருந்து வரும்? பன்னேருகட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கினால் ராத்திரி முழுக்க பரண் மேல் டார்ச் லைட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் சித்தப்பா ஒரு நாள் நூலகத்துக்குப் போய், "யானைக்குப் பிடிக்காத பயிர் எதுன்னு பொஸ்தகம் கீதா?" என்று கேட்டார். நானும் கூட இருந்தேன், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த நூலகர் சிரிக்கவே இல்லை. பயிர்ப் பாதுகாப்புப் புத்தகத்தில் பூச்சி, எலி, காட்டுப்பன்றி வரைக்கும் இருந்தது, யானை இல்லை. ரெண்டு நாள் கழித்து வாங்க என்றார். போனபோது பழைய வேளாண்மை இதழ் ஒன்றைப் பக்கம் மடித்து வைத்திருந்தார். மிளகாய், இஞ்சி, மஞ்சள் இதையெல்லாம் யானை அவ்வளவாகத் தின்னாது என்று போட்டிருந்தது.

சித்தப்பா முழுசாகக் கேட்டுவிட்டு, "தின்னாது, சரி. மிதிக்காதா?" என்றார்.

இதழில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த வருஷம் அரை ஏக்கர் மிளகாய் போட்டார். பக்கத்துக் காட்டு ராகிக்குப் போக யானைகளுக்கு அதுதான் குறுக்கு வழி. ஒரு மிளகாயைக்கூடத் தொடவில்லை. ஒரு செடிகூட நிற்கவில்லை.

பதில் 3: வேலையில்லாதவன்07

கூகுள் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் லைப்ரரியில் போய்க் கேட்கிறார்கள்?

பதில் 4: ஓசூர் மூன்றுமொழி

மேலே கேட்ட தம்பிக்கு. நான் ஓசூரில் படிக்கும்போது வாசிப்பு மேசையில் நடந்தது இது. ஒருத்தர் தெலுங்குக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து படித்துச் சொல்லும்படி நூலகரிடம் நீட்டினார். நூலகர் திருநெல்வேலிக்காரர், சுத்தமாகத் தெரியாது. வாசலில் வேர்க்கடலை விற்கிற அக்காவுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேச வரும், எழுத்து ஒன்றும் தெரியாது. என் பக்கத்தில் இருந்த பையன் கன்னடத்தில் படித்தவன், தெலுங்கு புரியாது. ஆனால் ரெண்டு எழுத்தும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி. அவன் ஒன்றும் புரியாமல் எழுத்துக் கூட்டி சத்தமாகப் படிக்க, அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டுத் தமிழில் சொல்ல, நூலகர் எழுதிக்கொண்டார்.

சீட்டுப் பணம் ஆறு மாத பாக்கி, எப்போது தருவாய் என்பதுதான் கடிதம். ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. கொண்டுவந்தவர் கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார், மொழிபெயர்ப்பை வாங்கவில்லை.

பதில் 5: கிளைநூலகப்பெண் (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் நன்றி. யானை வழியைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சார், நீங்கள் சொன்ன மாதிரியே இன்று உட்காரவைத்துக் கேட்டேன். ரெண்டே நிமிஷத்தில் வந்துவிட்டது. மருமகனுக்குக் காட்டில் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறதாம், புளி வைக்கப் போகிறார்களாம். சீக்கிரம் காய்க்கிற ஒட்டுப்புளி ரகம் ஒன்றைப் பற்றி அதில் படித்தாராம், பெயர் மறந்துவிட்டது. பதினோரு நாளாக நான் இதைக் கேட்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் தோட்டக்கலை வரிசையில் பச்சை அட்டை, மரம் போட்டது என்று ஒன்றும் இல்லை. இரவல் போன புத்தகங்களிலும் இல்லை. ரகத்தின் பெயரை வேறு இடத்தில் தேடிக் கொடுத்துவிடலாம், ஆனால் அவருக்கு அந்தப் புத்தகமேதான் வேண்டுமாம்.

பதில் 6: ஓய்வுபெற்ற நூலகன், தருமபுரி

முதல் தடவை படித்தபோது கோட்டை விட்டுவிட்டேன் அம்மா. போன மாதம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே. கண்புரை ஆபரேஷன் ஆனதா என்று கேளுங்கள். புரை முற்றினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகிப் பழுப்பாகிவிடும், நீலம் சரியாகத் தெரியாது, பச்சை தட்டும். எனக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டுச் சுவருக்கு அடித்திருப்பது சந்தன நிறம் என்று மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால் சுத்த வெள்ளை. யாரைக் கேட்டு மாற்றினாய் என்று மனைவியிடம் சண்டைகூடப் போட்டேன்.

அவர் அந்தப் புத்தகத்தைப் படித்தது போன வருஷம், புரைக் கண்ணோடு. நீல அட்டையைத் தேடுங்கள்.

பதில் 7: கிளைநூலகப்பெண் (கேள்வி கேட்டவர்)

சார்!!!

தோட்டக்கலை வரிசையில் மூன்றாவது தட்டு. வெளிர் நீல அட்டை, நடுவில் மரம். உள்ளே ஒட்டுப்புளிக்கு ஒரு தனிப் பகுதி, பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் என்று இருக்கிறது.

பெரியவர் வந்ததும் நீட்டினேன். "இது நீலம் கண்ணு, நான் கேட்டது பச்சை" என்று வாங்காமலே திருப்பிவிட்டார். அப்புறம் நானே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். விரலை வைத்து நாலு வரி படித்தார். "அட, இதேதான்!" மூடினார். அட்டையைப் பார்த்தார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். ஆபரேஷன் ஆனதா என்று கேட்டேன். வலது கண்ணுக்கு ஆகிவிட்டது, இடது கண்ணுக்குத் தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அட்டையைப் பார்த்தார். "நீலம்." கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார். "ஏய், இதுல பச்சையாத்தானே கீது!" என்று கத்தியதில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். அப்புறம் அரை மணி நேரம் பேனா, முத்திரை, சுவர்க் காலண்டர், என் புடவை வரை ஒவ்வொன்றையும் இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்து நிறம் சொல்லிக்கொண்டிருந்தார்.